கால் எங்கே இருந்தது

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவில் பேர். நீளம்தான், இல்லையென்று யார் சொன்னது? வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, கைப்பிள்ளையோடு பெரம்பலூரில் தனியாகக் குடித்தனம் நடத்தியவளுக்கு வாயும் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட நான், அரியலூர்க் கடைத்தெருவில் ஊரே கூடி நின்றபோது, என் வீட்டுக்காரர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணமாகி, மகள் பிறந்த கையோடு அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். வீட்டு டிரைவர் வேலை. ஒரு பெரிய குடும்பம். அவர்களைக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். பெட்டியைப் பிரித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சோப்பும் சென்ட்டும் கொடுத்து முடிப்பதற்குள் திரும்பிப் போகிற நாள் வந்துவிடும். மகள் சின்னவளாக இருந்தபோது அவர் வந்தால் யாரோ என்று பயந்து அழுவாள். பழகின பிறகு போகிறாரே என்று அழுவாள். நான் அழமாட்டேன். கோபமாகப் பாத்திரம் துலக்குவேன்.

முதலில் டெலிபோன் பூத்தில் போய் நின்று பேசினேன். பிறகு கையில் போன் வந்தது, பிறகு முகம் தெரிகிற போன் வந்தது. தெரிந்தது எங்கே? பாதி நேரம் நெற்றி மட்டும் தெரியும், மீதி நேரம் மூக்கு. “போனத் தள்ளிப் புடிங்கன்னா, என்னமோ முத்தம் குடுக்கற மாரி வச்சிக்கிட்டு” என்று கத்துவேன். அவர் சிரிப்பார். சிரிக்கும்போது போன் ஆடி, அதுவும் தெரியாமல் போகும்.

ஒன்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்த வீட்டு அம்மாள்மேல் எனக்குப் பொறாமை. அவள் பின்சீட்டில் உட்கார்ந்து வர, இவர் ஓட்டுகிறார். தினமும். கட்டின பொண்டாட்டி நான் அவர் ஓட்டுகிற வண்டியில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. அந்த அம்மாள் என்ன செய்வாள் பாவம், நல்ல மனுஷிதான், என் மகள் கல்யாணத்துக்குச் சேலை கொடுத்தனுப்பினாள். இருந்தாலும் எனக்கு எரியும். எரிச்சலில் ஏதாவது சொல்லிவிட்டால் அவர், “ஊருக்கு வந்ததும் சொந்தமா ஒரு காரு வாங்கி, உன்னைய முன்சீட்டுல உக்கார வச்சு ஓட்டறேன் புள்ள” என்பார். “ஆமா, வாங்கிக் கிழிச்சீங்க” என்பேன் நான்.

வாங்கினார். வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்த வருஷம், லப்பைக்குடிக்காட்டில் ஒருவர் மகனோடு வெளிநாட்டுக்கே குடிபோகிறார் என்று கேள்விப்பட்டு, அவருடைய பழைய வெள்ளைக் காரை வாங்கிவந்தார். பெட்ரோல் வண்டி, கியர் வண்டி, என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயதில் சின்னது. எங்கள் ஆட்கள் தெருவுக்குள் சொந்தக் கார் என்று ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. இவருடைய அப்பா அடுத்தவர் மாட்டை அடுத்தவர் காட்டில் ஓட்டினவர். அதனால் தெருவே திரண்டு வந்து பார்த்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

மகளை அரியலூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு சிமெண்ட் கம்பெனி ஆபீஸில் வேலை. பேத்தியைப் பார்க்கிறோம் என்ற சாக்கில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளம்பிவிடுவோம். சாக்கு என்றுதான் சொல்வேன். பேத்தி எனக்கு உயிர்தான், ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பயணம். இரண்டு பக்கமும் பருத்திக் காடு, மக்காச்சோளக் காடு, எதிரே சுண்ணாம்புக்கல் லாரி என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குத் தெரியாது. நான் ரோட்டைப் பார்த்தால்தானே! ஏறி உட்கார்ந்ததிலிருந்து இறங்குகிறவரை அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். முந்தும்போது கீழ் உதட்டைக் கடிப்பார். லாரிக்காரன் குறுக்கே வந்தால் கோபப்படமாட்டார், புருவத்தை மட்டும் தூக்குவார். காதோரம் நரைத்து, தாடைக்குக் கீழே ஒரு தழும்பு. அந்தத் தழும்பு எப்போது வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. இந்த வயதெல்லாம் அந்த முகத்துக்கு நான் இல்லாமல்தான் ஆகியிருக்கிறது. அதை நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும். மேலும் பார்ப்பேன்.

“என்னா புள்ள பாக்கற?” என்று எப்போதாவது கேட்பார்.

“அந்தப் பக்கத்துக் கண்ணாடியில லாரி வருதான்னு பாத்தேன்” என்பேன். புருஷன் முகத்தைப் பார்த்தேன் என்று பேத்தி எடுத்தவள் சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை காருக்குக் குளியல். அரியலூர் ரோட்டில் போய்வந்தால் வண்டிமேல் வெள்ளையாகப் படிந்துவிடும், சுண்ணாம்பும் சிமெண்ட் தூசியும் கலந்து. வெளியே கழுவினால் போதாது என்று பானெட்டைத் திறந்து, இஞ்சின்மேலும் குடம் குடமாக ஊற்றுவார். “அங்க மணலு, ஊதினா போயிரும். இங்க கழுவுனாத்தான் போவும்” என்பார். கழுவி முடித்து முன்னாலும் பின்னாலும் மட்டுமில்லை, பானெட்டுக்கு உள்ளேயும் சந்தனம் குழைத்து வைப்பார். சாமிக்குக்கூட அவர் அவ்வளவு சந்தனம் வைத்து நான் பார்த்ததில்லை.

அது நடந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பேத்திக்குப் பழம் வாங்கலாம் என்று அரியலூர்க் கடைத்தெருப் பக்கம் திரும்பினோம். அங்கே ஒரு மேடு. மேட்டில் ஏற அழுத்தி மிதித்தார். ஏறின வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, சொன்னேனே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடித்திருந்த உதடு விட்டுப்போனது. கண் பெரிதானது. அந்த முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். “நிக்க மாட்டேங்குது” என்றார். ஆள் இல்லாத பக்கமாக வளைத்துத் திருப்பினார். யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்திருந்த மணல் குவியலில் ஏறி, பக்கத்தில் நிறுத்தியிருந்த ஒரு மொபெட்டைச் சாய்த்து, சின்ன வெங்காய மூட்டை ஒன்றைக் கிழித்துவிட்டு வண்டி நின்றது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. தெருவெல்லாம் வெங்காயம் உருண்டது.

கூட்டம் கூடுவதற்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

“பெருசு, பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டர மிதிச்சிருச்சு.”

“வயசான காலத்துல எதுக்கு இதெல்லாம்?”

“வெளிநாட்டுல ஓட்டுனவராம்ல, அங்க கியரே கெடையாதே.”

“நான் பிரேக்கத்தான்யா மிதிச்சேன்” என்று இவர் ஒவ்வொருவரிடமாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. வேர்த்து ஊற்றியது. கடைசியில் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு புள்ள. பக்கத்துலதானே உக்காந்திருந்த. என் காலு எங்க இருந்துச்சு?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதைச் சொல்வேன்? உங்கள் கால் எங்கே இருந்ததென்று தெரியாது, உதடு எங்கே இருந்தது, புருவம் எங்கே இருந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன் என்றா சொல்ல முடியும்?

“நான் பாக்கலீங்க” என்றேன்.

யாரோ ஒருவன் சிரித்தான். அவர் குனிந்து தெருவில் கிடந்த வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மெக்கானிக் வந்து பார்த்தார். ஆக்சிலேட்டரை மிதித்தார், அது ஒழுங்காக எழுந்தது. பிரேக்கை மிதித்தார், அதுவும் பிடித்தது. “வண்டியில ஒண்ணும் இல்லீங்க” என்றார். அந்த வார்த்தை இவரை என்ன செய்ததென்று அந்த மனுஷருக்குத் தெரியாது. மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் வாய் சும்மா இருக்காது. “விடுங்க மாமா, ஆனைக்கும் அடி சறுக்கும். இனிமே பஸ்ஸுல வாங்க” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “ஆனை சறுக்குச்சா, தரை சறுக்குச்சான்னு நீங்க பாத்தீங்களா மாப்ள?” என்றேன். மகள் என் கையைக் கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: “நெசமாவே நீ பாக்கலையா?”

“பாக்கலீங்க. ஆனா நீங்க பிரேக்க மிதிச்சேன்னா மிதிச்சதுதான். நான் நம்பறேன்.”

“நம்பறது வேற, பாத்தது வேற” என்றார். பொய்யாகவாவது பார்த்தேன் என்று சொல்லித் தொலைக்கலாம் என்றால், நேருக்கு நேர் உட்கார்ந்து நான் சொல்கிற பொய் அவருக்கு வண்டியின் முன்கண்ணாடி மாதிரி, உடனே தெரிந்துவிடும்.

காரின் முன்பக்கத்து நசுங்கலைத் தட்டி எடுத்து, வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். விற்கவும் இல்லை, தொடவும் இல்லை. ஊர் பேசியதைக்கூட அவர் தாங்கியிருப்பார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவரால் தாங்க முடியாதது வேறு. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் கால் எங்கே இருந்ததென்று அவருக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பார். கண் டிவியில் இருக்கும், வலது கால் தரையில் பதித்த ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நகர்ந்து அழுத்தும். மறுபடி இந்தக் கல். மறுபடி அந்தக் கல். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளைப் பூப்போலக் கொண்டுபோய் இறக்கிவிட்ட கால் அது. அதைச் சோதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அரியலூருக்கு பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் நான் பொம்பளைகள் பக்கம், அவர் பின்னால் எங்கோ. திரும்பிப் பார்த்தால் ஆட்களுக்கு நடுவே அவருடைய சட்டைக் கை மட்டும் தெரியும். எனக்கு அழுகை வந்தது. என்னமோ அவர் மறுபடியும் வெளிநாட்டுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பஸ்ஸில் போய்க்கொண்டு, நான் அவருக்காக ஏங்கினேன். எனக்கு அந்த முன்சீட்டு வேண்டும். அவர் ஓட்ட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அதற்காகத்தான் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். இது என்ன கணக்கு என்று கேட்பீர்கள். நான் தப்பும் தவறுமாக ஓட்டினால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற டிரைவருக்குக் கை அரிக்குமா அரிக்காதா? “தள்ளு புள்ள” என்று ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். கூடப் படித்த பெண்களெல்லாம் காலேஜ் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்த தம்பி, “அம்மா, கிளச்ச கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, அது மாடு இல்ல, உதைக்காது” என்பான். மகள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். லைசென்ஸ் வந்த வாரம் தார்ப்பாயை உருவினேன். “நான் அரியலூர் போறேன். வர்றதுன்னா வாங்க, இல்லாட்டி நான் தனியாப் போறேன்” என்றேன். தனியாக விட அவருக்கு மனசில்லை. இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

என் கணக்குத் தப்பிப்போனது. அவர் ஸ்டீயரிங்கைப் பார்க்கவே இல்லை. ரோட்டையும் பார்க்கவில்லை. குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். அரியலூர் வருகிறவரை என் கால் எந்த மிதிகட்டையில் இருக்கிறது, எப்போது மாறுகிறது என்று கண்ணெடுக்காமல் பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது. கொலுசு போட்டிருக்கிறேன் என்று பார்த்தாலாவது ஒரு அர்த்தம் உண்டு.

வெள்ளிக்கிழமைக் குளியலையும் நான் எடுத்துக்கொண்டேன். அவர் செய்தது போலவே பானெட்டைத் திறந்து இஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றி, உள்ளேயும் சந்தனம் வைத்தேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார், வெளியே வரமாட்டார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, மக்காச்சோளம் ஏற்றின ஒரு டிராக்டர் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே ரோடு காலி. முந்திவிடலாம் என்று அழுத்தி மிதித்தேன். முந்தினேன். காலை எடுத்தேன். இஞ்சின் சத்தம் குறையவில்லை. இன்னும் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு திணறு திணறியதே தவிர நிற்கவில்லை, என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. ரோடு வேகமாக வந்தது. “ஐயோ என்னங்க!” என்று கத்தினேன்.

“காலை எடுக்காத. பிரேக்குலதான் இருக்கு, அப்படியே வையி” என்றார். அவர் குரலில் பதற்றமே இல்லை. “இப்ப இடது கால்ல கிளச்ச மிதி. முழுசா மிதி.”

மிதித்தேன். இஞ்சின் வீல் என்று அலறியது, ஆனால் வண்டி என்னை இழுப்பதை விட்டுவிட்டது. பிரேக் பிடித்தது. அவர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். பருத்திக் காட்டு ஓரமாக வண்டி நின்றது. தானாகக் கியர் மாறுகிற அந்த நாட்டுக் கார்களில் இடது காலுக்கு வேலையே கிடையாதாம். அன்றைக்குக் கடைத்தெருவில் கிளச்சை மிதிக்க அவருக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தரையை மிதித்த அத்தனை மாதமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார். “இங்க வா புள்ள! வந்து பாரு!” என்று கூப்பிட்டார். போனேன். ஆக்சிலேட்டர் கேபிள் போய்ச் சேர்கிற இடத்தில் பால்கோவா மாதிரி ஏதோ அப்பி, இறுகிக் கிடந்தது. சிமெண்ட் தூசியும் தண்ணீரும் சந்தனமும் சேர்ந்து கல்லாகிவிட்டிருந்தன. கேபிள் உள்ளே போன இடத்திலேயே மாட்டிக்கொண்டு, திரும்பி வராமல் அப்படியே நின்றது. முன்பு மணலில் மோதிய குலுக்கலில் விடுபட்டிருக்கும் போல, அதனால்தான் மெக்கானிக் கண்ணில் படவில்லை. அவர் நகத்தால் சுரண்டினார். பொருக்கு உடைந்ததும் கேபிள் டக்கென்று பின்னால் வந்தது.

அதற்குள் டிராக்டர்காரர் வந்து இறங்கி, “என்னாச்சுங்க? அம்மா புதுசா ஓட்டறாங்களா? மாத்தி மிதிச்சிட்டாங்களா?” என்று கேட்டார்.

“மாத்தி மிதிக்கலைங்க” என்றார் என் வீட்டுக்காரர். “அவ காலு பிரேக்குலதான் இருந்துச்சு. நான் பாத்தேன்.” சொன்னவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த டிராக்டர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “சரி, தண்ணி கிண்ணி குடிங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அங்கே நின்றபடியே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். “மாப்ள, வண்டிதான்! வண்டிதான் மாப்ள!” என்று கத்தினார். வேறு எதுவும் சொல்ல வரவில்லை அவருக்கு. மெக்கானிக் அங்கேயே வந்து கேபிளை மாற்றினார். “சாமி, இஞ்சினுக்கு அபிஷேகம் பண்றத நிறுத்துங்க” என்று கும்பிட்டார். மகள் வீட்டில் அன்றைக்குக் கறிக்குழம்பு. இவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார், பேத்தியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் என் முன்சீட்டு எனக்கு வந்துவிடும்.

கிளம்பும்போது சாவியை அவர் முன்னால் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

“ஓட்டலையா நீங்க?”

“எனக்கு எதுக்கு புள்ள? ஊரார் வண்டிய ஓட்டி ஓட்டி அலுத்துப்போச்சு. என் காலு மேல பழியில்லன்னு தெரிஞ்சுபோச்சு, அது போதும். நீதான் நல்லா ஓட்டறியே. ராசாத்தி மாரி நீ ஓட்டு, நான் சொகமா வரேன்.”

மகள் கைதட்டினாள். மாப்பிள்ளை, “அத்தே, சூப்பர்!” என்றார். என் முன்சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன்.

அரியலூர் தாண்டியதும் அவர் பேச ஆரம்பித்தார். அத்தனை மாதம் அடைத்துக் கிடந்த பேச்சு. அங்கே அந்த வீட்டுப் பிள்ளைகள் செய்த சேட்டை, பாலைவனத்தில் வண்டி புதைந்தது, தாடையில் தழும்பு வந்த கதை எல்லாம் சொன்னார். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் இடது காதில் கேட்டுக்கொண்டே வந்தது. பிறகு திடீரென்று, “ஆமா, நானும் அப்பலேருந்து கேக்கணும்னு இருந்தேன். பக்கத்துலயே உக்காந்துகிட்டு என் காலப் பாக்கலன்னு சொன்னியே, அப்படி எங்கதான் பாத்துக்கிட்டிருந்த நீ?” என்றார்.

சொல்லிவிட்டேன். “உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தேன். எப்பவும் அதத்தான் பாத்துக்கிட்டு வருவேன். கண்ணாடியப் பாக்கறேன்னு சொன்னதெல்லாம் பொய்யி. எனக்கு நீங்க ஓட்டணும். நான் பாக்கணும். அதுக்குத்தான் இந்தக் கெரகத்தையே கத்துக்கிட்டேன்.”

அவர் பேச்சு நின்றுவிட்டது. எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தன. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓரம் பார்த்து, கண்ணை எடுக்காமல் ஓட்டினேன். அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது.